இரண்டு கடல், ஒரு குடம் நல்ல தண்ணீர்

மண்டபத்தில் ஊருக்கு ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல். பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா என்பவை வரைபடத்துப் பெயர்கள். ஊர்க்காரர்கள் வாயில் அவை வருவதில்லை. “இன்னைக்கு வடகடல் பால் மாதிரி கெடக்கு” என்பார்கள்; “தென்கடல்ல அலை கூடுதலா இருக்கு” என்பார்கள். ஒன்றின் கரையிலிருந்து மற்றொன்றின் கரைக்கு நடந்தே போய்விடலாம். ஆனாலும் இரண்டும் வேறு வேறு தண்ணீர். வடகடல் ஆழமில்லாத தட்டு. தென்கடல், கரையோரத்தில் தீவுகளையும் பவளப்பாறைகளையும் வைத்துக்கொண்டு, தெற்கே போகப் போக ஆழத்துக்கு இறங்கும் கடல்.

ஏப்ரல் மூன்றாம் வாரம் ஒரு நாள், இருட்டு கலையும் முன்னே மண்டபம் ரயில் நிலையத்தில் இறங்கினேன். ஆட்டோவில் வரும் வழியில் விசைப்படகுகள் தோளோடு தோள் உரசி நிற்பது தெரிந்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் அவற்றுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை கிடையாது. எங்களுக்காகப் பேசி வைத்திருந்ததும் ஒரு நாட்டுப்படகுதான்.

கடலுக்குள் இறக்கும் அளவைக் கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த எண்களை வைத்து ஆய்வு செய்கிறவர்கள் வேறு. அவர்களில் இருவர் வனத்துறையின் அனுமதிக் கடிதத்தோடு முந்தின நாளே வந்து தங்கியிருந்தார்கள். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள். 1986இல் அவற்றையும் சுற்றியுள்ள கடலையும் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அனுமதி இல்லாமல் அங்கே யாரும் கருவி இறக்க முடியாது. அந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளங்கள் 2010ஆம் ஆண்டுக் கோடையிலும் 2016ஆம் ஆண்டுக் கோடையிலும் வெளுத்துப்போயின. கோடை ஏறும்போது பாறையின் அடியில் தண்ணீர் எவ்வளவு சுடுகிறது, இரவில் எவ்வளவு ஆறுகிறது என்று பார்க்கவே வந்திருந்தோம்.

பயணம் முழுக்க என் மடியை விட்டு இறங்காத மஞ்சள் பெட்டிக்குள் இருந்தது அதைச் சொல்லப்போகும் கருவி. பார்த்தால் ஒரு முழ நீளக் குழாய், அவ்வளவுதான். ஒரு முனையில் மூன்று உணரிகள்: தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று ஒன்று சொல்லும், வெப்பநிலையை ஒன்று, அழுத்தத்தை ஒன்று. மறுமுனையில் சார்ஜ் ஏற்றவும் தரவை இறக்கவும் ஒரே ஒரு பிளக். நடுவே குழாய்க்குள் மின்னணுப் பலகையும் லித்தியம் அயனி பேட்டரியும். கடலாய்வு செய்கிறவர்கள் இதை சிடிடி என்பார்கள். உப்பை நேராக அளக்கும் உணரி இதில் கிடையாது. மின்கடத்து திறன் உப்பால் மட்டும் மாறுவதில்லை; சூட்டாலும் அழுத்தத்தாலும் மாறும். மூன்றையும் ஒரே நேரத்தில் அளந்து கணக்குப் போட்டால்தான் உப்பு எவ்வளவு என்று தெரியும். அழுத்தத்திலிருந்து ஆழம் கிடைக்கும்: 10 மீட்டர் இறங்கினால் நம் தலைமேல் இருக்கும் காற்று மண்டலம் முழுவதற்கும் சமமான பாரம் இன்னொரு முறை ஏறும்.

பேட்டரி இல்லாமலும் கடலை அளந்திருக்கிறார்கள். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றி வந்த சாலஞ்சர் கப்பலில் மின்னணுவியலே இல்லை. கயிறு, ஈயக்குண்டு, கண்ணாடி வெப்பமானி, இவைதான். அதே காலத்தில், 1874இல், கவிழும் வெப்பமானி என்ற ஒன்றை லண்டனில் செய்தார்கள். வேண்டிய ஆழத்தில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்தால் பாதரசத் தம்பம் ஓரிடத்தில் அறுந்துகொள்ளும். மேலே தூக்கி வரும்வரை அந்த ஆழத்தின் சூடு மாறாமல் நிற்கும். அதன் பிறகு ஏறத்தாழ நூறாண்டுக் காலம் கடலின் சூட்டை இப்படித்தான் அறிந்தார்கள். ஒரு ஆழத்துக்கு ஒரு எண். இன்று என் குழாய் ஒரு நொடிக்குள் பல எண்களை எழுதிக்கொண்டு இறங்குகிறது. அதற்குக் கொடுக்கும் விலை ஒன்றுதான்: அதை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொள்ள வேண்டும். சார்ஜ் ஏற்ற வேண்டும், கழுவ வேண்டும், உலர்த்த வேண்டும்.

*

தங்கியது கடலோரத்தில் ஒரு வீட்டின் முன்னறை. வீட்டுக்காரப் பெரியம்மா கதவைத் திறந்ததும் பெட்டியைத்தான் பார்த்தார்.

“இதுக்குள்ள என்ன தம்பி, பொட்டிப் பாம்பு மாதிரி கையை விட்டு எறக்க மாட்டேங்குற?”

“கடல் எவ்வளவு சுடுதுன்னு பாக்குற கருவி பெரியம்மா. முதல்ல கரண்ட் குடுக்கணும்.”

“கரண்ட் இருக்கும். எப்பப் போகும்னு சொல்ல முடியாது” என்றார்.

கருவியைக் கொண்டுவரும்போது பேட்டரியைப் பாதிக்குச் சற்று மேலாக வைத்திருந்தேன். லித்தியம் பேட்டரியை முழுக்க நிரப்பிச் சூட்டில் வைத்திருந்தால் சீக்கிரம் கிழடு தட்டும். முழுக்கக் காலியாக விட்டாலும் உள்ளே கெட்டுவிடும். ஓய்வுக்கு நல்லது பாதி வயிறு. வேலைக்குப் போவதற்கு முன்னால்தான் முழு வயிறு.

சார்ஜர் வயரைச் சொருகும் முன் செய்ய வேண்டியவை வரிசையாக உண்டு. முதலில் கருவியின் உடம்பில் கை வைத்துப் பார்க்க வேண்டும். இந்த வகை பேட்டரிகளுக்கு 0 முதல் 45 டிகிரி வரைதான் சார்ஜ் ஏற்றலாம் என்பது பொதுவான வரம்பு. பனி விழும் நாட்டுக்காரர்கள் கீழ் வரம்பைப் பார்த்துப் பயப்படுவார்கள். நமக்கு மேல் வரம்புதான் ஆபத்து. ஏப்ரல் வெயிலில் படகின் பலகையில் கிடந்த குழாய் 45ஐ எளிதில் தாண்டும். தூக்கி வந்து நிழலில் போட்டு, ஆறின பிறகுதான் வயர்.

அடுத்தது பிளக். மூடியைக் கழற்றி டார்ச் அடித்து ஒவ்வொரு பின்னாகப் பார்த்தேன். இந்த இடத்தில் ஒரு சொட்டுக் கடல்நீர் காய்ந்து உப்பாகப் படிந்திருந்தால் போதும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கடற்கரைக் காற்றில் அதற்குப் பஞ்சமில்லை. அந்த ஈரத்தின் வழியே சார்ஜர் மின்சாரம் கசிந்து ஓடினால் ஒரே இரவில் பின்னை அரித்துவிடும். காலையில் பார்த்தால் பித்தளைப் பாத்திரத்தில் படிகிற மாதிரிப் பச்சைக் களிம்பு. அந்தப் பின் போனால் கருவிக்கு வாயும் இல்லை, நாக்கும் இல்லை. சார்ஜும் ஏற்ற முடியாது, எழுதி வைத்திருப்பதை வாங்கவும் முடியாது.

வீட்டில் மின்விசிறி ஒரு நேரம் பறந்தது, ஒரு நேரம் தளர்ந்தது. வோல்டேஜ் நிலையில்லை. கொண்டுபோயிருந்த சிறிய ஸ்டெபிலைசரைச் சுவர் பிளக்குக்கும் சார்ஜருக்கும் நடுவே வைத்தேன். மெத்தை மேலும் பாய் மேலும் வைக்காமல் வெறும் சிமெண்டுத் தரையில், காற்றோட்டத்தில், கருவியைப் பெட்டிக்கு வெளியே கிடத்தினேன். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

சார்ஜ் ஏறும் விதம் பெரியம்மா வீட்டு வாசலில் நடந்த ஒன்றோடு சேர்த்தே எனக்கு எப்போதும் நினைவு வரும். தண்ணீர் லாரி வந்திருந்தது. பெண்கள் குடங்களோடு நின்றார்கள். குடம் காலியாக இருக்கும்போது குழாயை முழுக்கத் திறந்து பிடிக்கிறார்கள். கழுத்து வரை வந்ததும் கை தானாகக் குழாயை மடக்குகிறது. கடைசி இரண்டு செம்பு சொட்டுச் சொட்டாகத்தான் இறங்குகிறது. விலை கொடுத்து வாங்கும் தண்ணீர் சிந்தக் கூடாதே. லித்தியம் சார்ஜரும் இதையேதான் செய்கிறது. தொடக்கத்தில் ஒரே சீரான மின்னோட்டத்தைத் தள்ளும். ஒவ்வொரு செல்லும் சுமார் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் அழுத்தத்தை அங்கேயே பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வரும். முதல் முக்கால் பங்கு விறுவிறுவென்று ஏறும். கடைசிக் கால் பங்குக்கு அதே அளவு நேரம்கூடப் பிடிக்கும். பொறுமை இழந்து விளக்கு பச்சையாகும் முன் பிடுங்குகிறவர்கள் அந்தக் கால் பங்கைக் கடலில்தான் தேடுவார்கள்.

1991இல் சோனி நிறுவனம் வீடியோ கேமராக்களுக்காகச் சந்தைக்குக் கொண்டுவந்தது இந்த பேட்டரி வகை. இதற்கு அடித்தளம் போட்ட மூவருக்கு 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஊர் முழுக்க எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிற அதே பொருள்தான் என் குழாய்க்குள்ளும் இருக்கிறது. ஆனால் கைபேசி சார்ஜ் இறங்கினால் பக்கத்துக் கடையில் ஏற்றிக்கொள்ளலாம். கடலடியில் கடை கிடையாது.

பச்சை விளக்கு எரிய மாலை ஐந்து மணி ஆயிற்று. அதுவரை நான் அறையை விட்டு நகரவில்லை. சார்ஜ் ஏறும் லித்தியத்தைத் தனியே விட்டுப் போவதில்லை, தூங்கும்போது ஏற்றுவதில்லை. இந்த இரண்டும் என் வழக்கம்.

*

அன்றிரவு விரலில் துளி சிலிக்கோன் கிரீஸ் எடுத்து பிளக் மூடியின் ஓரிங் என்னும் ரப்பர் வளையத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆய்வாளர்களில் இளையவர் கேட்டார்: “நேத்துதானே மாத்துனீங்க அண்ணே, திரும்பத் திரும்ப ஏன் பாக்குறீங்க?”

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு கடற்கரையில் நடந்ததை அவரிடம் சொன்னேன். அது பேட்டரியைத் திறந்து மாற்றும் பழைய மாதிரிக் கருவி. விடியற்காலை அவசரத்தில், படகிலேயே, காற்றில், குழாயைத் திறந்து பேட்டரி மாற்றி மூடினேன். பளபளவென்றிருந்த கறுப்பு ரப்பர் வளையத்தின் குறுக்கே என் தலைமுடி ஒன்று விழுந்திருந்தது; நான் பார்க்கவில்லை. மேற்பரப்பில் ஒன்றும் ஆகவில்லை. பதினைந்து மீட்டரில் அந்த ஒரு முடி அகலத்தில் கடல் உள்ளே நுழைந்தது. மேலே தூக்கியபோது குழாய் கனத்திருந்தது. அப்போது என்னோடு இருந்த மூத்தவர் ஒருவர் அதை என் கையிலிருந்து வாங்கி, முனையை எங்கள் யார் முகத்துக்கும் நேராக இல்லாமல் கடல் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திருகினார். உப்புத் தண்ணீர் பட்ட பேட்டரி வாயுவை வெளியிடும். அடைபட்ட குழாய்க்குள் அது பீச்சும் அழுத்தத்தில் இருக்கும். மூடி தெறித்தால் பல் போகும், கண் போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. புஸ்ஸென்று ஒரு சத்தம், பிறகு நாற்றம், பிறகு பழுப்புத் தண்ணீர். மூன்று மாதம் சேகரித்த அளவுகள் அதற்குள் இருந்தன. ஒன்றும் மீளவில்லை.

அன்று முதல் படகில் எதையும் திறப்பதில்லை. கரையில், காற்றில்லாத அறையில், கை கழுவி, வெள்ளைத் துணி விரித்து, வளையத்தை விரல் நுனியால் ஒரு சுற்று தடவிப் பார்த்து, டார்ச் ஒளியில் இன்னொரு சுற்று பார்த்துத்தான் மூடுவேன். கிரீஸ் பூச வேண்டியது வளையம் மினுங்கும் அளவுக்கு மட்டும். அள்ளி அப்பினால் மணலும் நூலும் அதில்தான் ஒட்டும். தண்ணீரைத் தடுப்பது கிரீஸ் இல்லை. நசுங்கிய ரப்பர்தான் தடுக்கிறது. கிரீஸ் அந்த ரப்பர் முறுக்கிக்கொள்ளாமல் உட்கார வழி செய்கிறது.

இளையவர் ஒன்றும் சொல்லாமல் தன் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு விளக்கைப் பிடித்தார்.

*

காலை ஐந்தரைக்குத் தென்கடலில் இறங்கினோம். படகுக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். எஞ்சினை ஓட்டிக்கொண்டே தண்ணீரின் மேல் முகத்தைப் பார்த்தார்.

“சோநீவாடு எடுக்குது. வடக்க இழுக்கும். கயிறு நேரா எறங்காது, பாத்துக்கங்க.”

நீவாடு என்பது நீரோட்டம். வடக்கே போனால் சோநீவாடு, தெற்கே போனால் வாநீவாடு. சோழகம், வாடை என்ற காற்றுகளின் பெயரோடு ஒட்டி நிற்கும் சொற்கள். என் கருவியின் கயிறு சாய்ந்தால், விட்ட கயிற்றின் நீளமும் இறங்கிய ஆழமும் ஒன்றாக இருக்காது. அதனால்தான் கயிற்றை நம்பாமல் அழுத்த உணரியை நம்புகிறோம். அவருக்கு அது தண்ணீரின் நிறத்திலும் படகு திரும்பும் விதத்திலும் தெரிகிறது.

வலப்பக்கம் முயல் தீவு கறுப்புக் கோடாக எழுந்தது. கிழக்கே மனோலித் தீவு. சூரியன் வந்ததும் தண்ணீருக்குள் பழுப்பும் பச்சையுமாகத் திட்டுகள் தெரியத் தொடங்கின. “இதான் பார்” என்றார் படகுக்காரர். பாறைத்திட்டுக்கு இந்தக் கடற்கரையில் பார் என்று பெயர். முத்துச்சிப்பி விளைந்த இடங்களுக்கும் அதே பெயர்தான்.

“ஆழம் எவ்வளவு அண்ணே?”

“மூணு பாகம் இருக்கும்.”

இரண்டு கையையும் விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை ஒரு பாகம், கிட்டத்தட்ட ஆறடி. மூன்று பாகம் என்றால் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். பிறகு கருவி சொன்னதும் அதற்குப் பக்கத்தில்தான் வந்து நின்றது.

கருவியைக் காற்றில் வைத்தே முடுக்கினேன். அழுத்த உணரி முதலில் வெறும் காற்றின் பாரத்தை எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு கணக்கில் அதைக் கழித்தால்தான் கடல் மட்டம் பூச்சியம் ஆகும். என் கைக்கடிகாரத்தையும் கருவியின் கடிகாரத்தையும் ஒப்பிட்டுக் குறிப்பேட்டில் எழுதினேன். கருவி கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். இதை எழுதாமல் விட்டால் நண்பகல் வெயிலை விடியற்காலைக் கணக்கில் சேர்த்துவிடுவோம். கொக்கியை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். பிளக்கின் மூடியை விரலால் தொட்டுப் பார்த்தேன். பிறகு மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே இறக்கி, ஒரு நிமிடம் அப்படியே தொங்கவிட்டேன்.

“ஏன் நிக்குறீங்க, எறக்குங்க” என்றார் படகுக்காரர்.

“வெயில்ல சூடாகிக் கெடக்கு அண்ணே. அது ஆறித் தண்ணிச் சூட்டுக்கு வரணும். உப்பு பாக்குற குழல்ல காத்துக் குமிழி இருந்தா அதுவும் போகணும்.”

மின்கடத்து திறனை அளக்கும் அந்தச் சிறு குழலுக்குள் ஒரு குமிழி ஒட்டிக்கொண்டாலும் கடல் உப்புக் குறைந்ததாகக் காட்டும். விரல் பட்டு எண்ணெய்ப் பசை ஒட்டினாலும் அதே கதைதான். அதனால் அந்த முனையை நான் தொடுவதே இல்லை.

ஒரு நிமிடம் முடிந்தது. கயிற்றைச் சீராக, நொடிக்கு அரை மீட்டருக்கு மேல் போகாமல், விட்டேன். இறங்கும்போது உணரிகள் கலங்காத தண்ணீரை முதலில் சந்திக்கின்றன. ஏறும்போது கருவியின் உடம்பே தண்ணீரைக் கலக்கிவிடுகிறது. ஆகவே இறங்கும்போது எழுதிய எண்களைத்தான் எடுத்துக்கொள்வோம். அடி தட்டுவதற்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினேன். கீழே இருப்பது பவளம்; ஒரு கையளவு கிளை வளர ஆண்டுகள் ஆகும். அளக்க வந்தவன் உடைத்துவிட்டுப் போகக் கூடாது.

செயற்கைக்கோள் வானத்திலிருந்தே கடலின் சூட்டைச் சொல்கிறதே, இவ்வளவு பாடு ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. அகச்சிவப்பு ஒளியில் அது பார்ப்பது கடலின் தோலை, ஒரு மில்லிமீட்டரில் மிகச் சிறிய பங்கு தடிமனை. பவளம் இருப்பது அதற்குக் கீழே. ஓர் இடத்தில் கோடையின் உச்ச மாதத்துச் சராசரிச் சூட்டை விட ஒரு டிகிரி கூடி, அது சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. அந்தப் பாசிகள்தான் அதற்கு நிறமும் உணவும். அவை போனதும் வெள்ளை எலும்பு தெரிகிறது. ஒரு டிகிரியில் பிழைப்பும் சாவும் பிரிகிற இடத்தில், அரை டிகிரி தவறு செய்கிற அளவை எதற்கும் உதவாது.

*

திரும்பி வந்ததும் முதல் வேலை கழுவுவது. கடல்நீர் காயும் முன்னே நல்ல தண்ணீரில் முழுக்கி, உணரிக் குழலுக்குள் தண்ணீரை ஓடவிட்டு, பிளக்கின் இடுக்கு வரை உப்புப் போக அலச வேண்டும். முற்றத்துக் கிணற்றில் இறைத்தேன். நாக்கில் வைத்தால் கரித்தது. கிணற்றுத் தண்ணீரே உப்பு. அதில் கழுவி என்ன பயன்?

பெரியம்மா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தத் தண்ணி ஆவாதா?”

“உப்பு ஆகாது பெரியம்மா. பரவால்ல, கடையில தண்ணி பாட்டில் வாங்கிட்டு வர்றேன்.”

அவர் எழுந்து உள்ளே போனார். இடுப்பில் ஒரு குடத்தோடு வந்தார். காலையில் லாரியில் பிடித்த குடிதண்ணீர். அந்த வீட்டில் நான்கு பேர். நாளுக்கு எத்தனை குடம் என்பது கணக்கு. நான் தடுத்தேன்.

“கடலுக்குப் போயிட்டு வந்த பொருளை உப்போட விட்டா துருப்பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா? எம் புருசன் எஞ்சினைக் கழுவுறதுக்குக் குடம் குடமா ஊத்திருக்கேன். ஊத்து.”

ஒரு சொட்டு வீணாகாமல் வாளிக்குள் நிற்கவைத்துக் கழுவினேன். வாளியில் மிஞ்சிய தண்ணீரை அவர் முருங்கைக்கு ஊற்றினார். பிளக்கை மெல்லிய துணியால் ஒற்றி, தலைகீழாக நிழலில் ஒரு மணி நேரம் மாட்டிவிட்டேன். வெயிலில் காயவைத்தால் ரப்பர் இறுகும். காய்ந்தது என்று கண் சொன்ன பிறகும் இன்னும் பத்து நிமிடம் காத்திருந்துதான் சார்ஜர் வயரைச் சொருகினேன்.

சிவப்பு விளக்கு எரிந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. கரண்ட் போயிற்று.

இரவு பத்து வரை வரவில்லை. மறுநாள் திட்டம் பெரியது: கருவியைப் பாறையின் அடியில் கட்டிவிட்டு ஒரு பகலும் ஓர் இரவும் அங்கேயே எழுதவிடுவது. அதற்கு முழு பேட்டரி வேண்டும். இருந்தது பாதிக்குச் சற்று மேல். அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. லித்தியம் பேட்டரியின் வோல்டேஜ் நடுப்பகுதி முழுக்க ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நின்று, கடைசியில் செங்குத்தாக விழும். நடுவில் அது காட்டும் சதவீதத்தை அப்படியே நம்பினால் கைவிட்டுவிடும். நம்பத்தக்கது குறிப்பேடுதான்: எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை மணி நேரம் ஏறியது.

படகுக்காரர் சொன்னார்: “படகுல பன்னெண்டு வோல்ட்டு பேட்டரி கெடக்கு. போற வழியில போட்டுக்கங்க.” நல்ல மனதோடு சொன்னதுதான். கருவியின் சார்ஜரும் அதை ஏற்கும். ஆனால் சாரல் அடிக்கும் படகில் அந்தப் பிளக்கைத் திறக்க முடியாது. அவரிடம் காரணத்தைச் சொன்னேன், தலையசைத்தார்.

ஆகவே செலவைக் குறைப்பது ஒன்றே வழி. மெழுகுவத்தி வெளிச்சத்தில் மூவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒவ்வொரு நொடியும் எழுதினால் கருவி தூங்கவே தூங்காது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை விழித்து, சில நொடி அளந்து, எழுதிவிட்டுத் தூங்கினால் பாதி பேட்டரி பல நாளுக்குக் காணும். பாறையடித் தண்ணீர் நொடிக்கு நொடி சூடு மாறும் பொருள் இல்லை. கேள்விக்குத் தேவையான அளவுக்கு மட்டும் விழித்தால் போதும்.

திரும்பி வரவே முடியாத கருவிகளை ஆழ்கடலுக்கு அனுப்புகிறவர்கள் இந்தக் கணக்கிலேயே வாழ்கிறார்கள். உலகக் கடல்களில் ஆர்கோ மிதவைகள் ஏறத்தாழ 4,000 உலவுகின்றன. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு மிதந்து, பத்து நாளுக்கு ஒரு முறை 2,000 மீட்டர் வரை இறங்கி, அங்கிருந்து அளந்துகொண்டே மேலே வந்து, செயற்கைக்கோளுக்கு எண்களைச் சொல்லிவிட்டு மறுபடி மூழ்கும். மீனின் காற்றுப்பைபோல, எண்ணெயை வெளிப் பைக்குள் தள்ளினால் மேலே வரும், உள்ளே இழுத்தால் இறங்கும். அந்தப் பம்புக்குத்தான் மின்சாரம் கூடுதலாகச் செலவு. சார்ஜ் ஏற்ற யாரும் வரமாட்டார்கள். கட்டிக்கொண்டுவந்த சோறு தீரும்வரை வேலை. பெரும்பாலானவை நாலைந்து ஆண்டு ஓடி, பேட்டரி தீர்ந்ததும் ஓய்ந்துவிடும். 2009இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவர்களும் ஆசிரியர்களும் ஸ்கார்லெட் நைட் என்ற ஆளில்லா நீர்மூழ்கிக் கிளைடரை நியூ ஜெர்சி கடலில் விட்டார்கள். அதற்குச் சுழல்விசிறி கிடையாது. உடம்பின் மிதப்பை மாற்றி மாற்றி, மேலும் கீழுமாகச் சறுக்கியே முன்னேறும். 221 நாள் கழித்து, டிசம்பர் 4 அன்று, ஸ்பெயினின் பயோனா துறைமுகத்துக்கு அருகே அதைத் தூக்கினார்கள். வழி நெடுக ஒரே தொகுதி பேட்டரிகள்தான். 1493இல் கொலம்பஸின் கப்பல்களில் ஒன்றான பிண்டா திரும்பி வந்து சேர்ந்ததும் அதே ஊர்.

இதையெல்லாம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோது எங்கள் ஒரு நாள் கணக்கு சிறியதாகத் தெரியவில்லை. பம்பு நாளுக்கு எத்தனை முறை ஓடலாம் என்று யாரோ ஒருவர் எங்கோ ஒரு மேசையில் இப்படித்தான் பென்சிலோடு உட்கார்ந்திருப்பார்.

*

மறுநாள் காலை கருவியைப் பாறையோரத்து மணலில், பவளத்தில் உரசாதபடி, எடைக்கல்லில் கட்டி நிறுத்தினோம். அதற்கடுத்த காலை எடுத்தோம். பெரியம்மா வீட்டில் மறுபடி ஒரு குடம், மறுபடி நிழல், மறுபடி காத்திருப்பு. பிறகு வயரைச் சொருகி எண்களை இறக்கினோம். 144 வரிகள் இருக்க வேண்டும். 144 வரிகள் இருந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை.

இரவில் கடல் ஆறும் என்றுதான் மூவரும் எண்ணியிருந்தோம். கோடு அப்படி இறங்கவில்லை. விடியற்காலையிலும் அது 30 டிகிரிக்கு மேலேயே நின்றது. பகலில் வாங்கிய சூட்டை இரவும் இறக்கிவைக்காமல் அந்தப் பாறை சுமந்துகொண்டிருந்தது. மே மாதம் இன்னும் வரவே இல்லை. இளையவர் நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படகுக்காரரிடம் சொன்னேன். “ராத்திரி வல போடுறவனுக்குக் கையில தெரியுமே தம்பி” என்றார். “முந்தியெல்லாம் இந்த மாசத்துல விடியக்கால தண்ணியில கை வச்சா சில்லுன்னு இருக்கும். இப்ப இல்ல.” அவர் கைக்குத் தெரிந்ததை எண்ணாக எழுதிக் கொடுப்பது மட்டுமே நாங்கள் செய்தது. ஆனால் எண்ணாக எழுதப்பட்டால்தான் அது அடுத்த ஆண்டோடும் அடுத்த கடலோடும் ஒப்பிடக் கூடியதாகிறது.

கிளம்பும் நாள் காலையில் கருவியைப் பாதி வயிறாக்கி நிறுத்தினேன். மூடியைப் போட்டு, உலர்த்தும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, பெட்டியை மூடினேன். வாசலில் லாரி வந்து நின்றது. பெரியம்மாவின் குடங்களை நானும் இளையவரும் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றோம். கழுத்து வரை வந்ததும் குழாயை மடக்கிப் பிடித்தேன். பெரியம்மா திண்ணையிலிருந்தே “சிந்தாம புடிக்கிறியே” என்றார்.

ரயிலில் உட்கார்ந்து குறிப்பேட்டை நிரப்பினேன். இறக்கிய நேரம், எடுத்த நேரம், ஆழம், அளவு இடைவெளி, சார்ஜ் ஏறிய மணிகள். கடைசியில் குறிப்பு என்ற கட்டம். வழக்கமாக அதை வெறுமையாக விடுவேன். இந்த முறை எழுதினேன்: கழுவியது, இரண்டு குடம், லாரித் தண்ணீர்.